விண்டோ பீரியட்: சாளரக் காலமா, பிடிபடாக் காலமா, காட்டாக் காலமா?

அனைவருக்கும் வணக்கம்.

பால்வினைத் தொற்றுச் சோதனை பற்றிய துண்டறிக்கை ஒன்று தயாராகிறது. ‘விண்டோ பீரியட்’டுக்கு நல்ல தமிழ்ச் சொல் வேண்டும். கிருமி உடலில் புகுந்தபின் சோதனையில் தெரியவரும் வரை உள்ள நாள்களைத்தான் சொல்கிறேன். புழக்கத்தில் இருக்கும் ‘சாளரக் காலம்’ படிப்பவருக்கு எதையும் உணர்த்தவில்லை. சாளரம் என்றால் ஏதோ தெரியும் என்றுதான் தோன்றும்; இங்கே தெரியாமல் போவதுதான் சிக்கல். ‘பிடிபடாக் காலம்’ எப்படி?

உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2022இல் 15 முதல் 49 வயதுக்குள் 80 லட்சம் பேருக்குப் புதிதாக சிபிலிஸ் வந்திருக்கிறது. இரண்டு ஆண்டுக்கு முன் இருந்ததைவிட இது கூடுதல். சோதனைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் இந்தச் சொல் புரிந்தாக வேண்டும்.

---

ஐயா, வணக்கம்.

‘பிடிபடா’ வேண்டாம். நம்பிக்கை மையத்தின் (எச்ஐவி ஆலோசனை, சோதனை மையம்) வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போகிறவர்கள் உண்டு. அவர்கள் கையில் கொடுக்கும் தாளில் காவல் நிலைய வாடை அடிக்கக் கூடாது. ஆய்வகத்தில் நாங்கள் ‘டெஸ்ட் இன்னும் காட்டலை’ என்றுதான் பேசிக்கொள்கிறோம். அதையே எடுத்துக் ‘காட்டாக் காலம்’ என்று வைக்கலாம். காட்டாதது சோதனை, ஆள்மேல் பழி இல்லை.

இன்னொரு வசதியும் இருக்கிறது. இந்தக் காலம் நோய்க்கு நோய் மட்டுமல்ல, சோதனைக்குச் சோதனையும் மாறும். எச்ஐவியையே எடுத்துக்கொள்ளுங்கள். கிருமியின் மரபுப் பொருளைத் தேடும் நாட் சோதனை 10 முதல் 33 நாளில் காட்டும். கிருமியின் புரதம், அதை எதிர்க்க உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள் இரண்டையும் பார்ப்பது நான்காம் தலைமுறைச் சோதனை; நரம்பில் எடுத்த ரத்தத்தில் செய்தால் அதற்கு 18 முதல் 45 நாள். எதிர்ப்பொருளை மட்டும் பார்க்கும் விரல்நுனிக் கிட்டுக்கு 23 முதல் 90 நாள். ஆகவே ‘எச்ஐவியின் காட்டாக் காலம்’ என்று எழுதினால் தவறு. ‘இந்தக் கிட்டின் காட்டாக் காலம் 90 நாள்’ என்று எழுத வேண்டும்.

---

இருவருக்கும் வணக்கம். ‘காட்டாக் காலம்’ எனக்குச் சம்மதம். பக்கத்தில் நிற்கும் இரண்டு சொற்களோடு அது மோதாமல் மட்டும் பார்த்துக்கொள்வோம்.

தொற்று ஏற்பட்டு அறிகுறி தோன்றும் வரை உள்ளது அடைகாலம். சிபிலிசுக்கு அது 10 முதல் 90 நாள். பெரும்பாலும் மூன்று வாரத்தையொட்டிப் புண் வரும், வலி இருக்காது. அப்போது அடைகாலம் முடிந்துவிட்டது. ஆனால் புண் வந்த முதல் ஒன்றிரண்டு வாரங்களில் சிபிலிசுக்கான ரத்தச் சோதனையான ஆர்பிஆர் செய்தால் ‘எதிர்வினை இல்லை’, அதாவது தொற்று தெரியவில்லை, என்று வரலாம். காட்டாக் காலம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது; புண்ணிலிருந்து தொற்றோ நன்றாகவே பரவும். புண்ணைக் கண்ணால் பார்த்தும், தாளை நம்பி ஆளை அனுப்பிவிடுவது இங்கேதான் நடக்கிறது. சந்தேகம் வலுவாக இருந்தால் பென்சத்தீன் பென்சிலின் ஊசி 24 லட்சம் யூனிட்டை அன்றே போட்டுவிட்டு, ஆர்பிஆரைப் பிறகு மீண்டும் பார்க்க வேண்டும்.

இரண்டாவது சொல், சிபிலிசின் உள்ளுறை நிலை; அது இதற்கு நேர்மாறு. அறிகுறி ஒன்றும் இருக்காது, ரத்தச் சோதனை காட்டிவிடும். ‘விண்டோ பீரியட்’டுக்கு முன்பு யாரோ முன்வைத்த ‘மறைகாலம்’ இந்த நிலையோடு குழம்பும் என்பதால் அதை விட்டுவிடலாம்.

துண்டறிக்கையில் ‘மூன்று மாதம் கழித்து வரவும்’ என்று அச்சடிக்காதீர்கள். எப்போதிலிருந்து மூன்று மாதம் என்று ஆளுக்கு ஆள் வேறுவிதமாக எண்ணுகிறார்கள். பலர் சோதனை செய்த நாளிலிருந்து எண்ணுகிறார்கள். கடைசியாகத் தொற்று வாய்ப்பு ஏற்பட்ட நாளிலிருந்து ஆலோசகரே கணக்கிட்டுத் தேதியை எழுதட்டும். 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் எச்ஐவி தடுப்பு மருந்து எடுத்தவருக்கு, மருந்து முடிந்த நாளிலிருந்து எண்ண வேண்டும்.

தாளுக்கு என் வரைவு: ‘இன்றைய முடிவு: எதிர்வினை இல்லை. இந்தச் சோதனையின் காட்டாக் காலம் ____ தேதி வரை. அதுவரை ஆணுறை பயன்படுத்தவும், ரத்த தானம் செய்ய வேண்டாம். அந்தத் தேதிக்குப் பின் மறு சோதனைக்கு வரவும், கட்டணம் இல்லை. சந்தேகங்களுக்கு 1097.’