முட்டுவலி உள்ள உம்மாவை ஹஜ்ஜுக்கு அழைத்துப் போகிறேன், சக்கர நாற்காலியே வேண்டாம் என்கிறார்கள்

கேள்வி: பிறைத்துளி

அஸ்ஸலாமு அலைக்கும்.

இன்ஷா அல்லாஹ் வருகிற ஹஜ்ஜுக்கு நானும் உம்மாவும் போகிறோம். இடம் உறுதியாகிவிட்டது. இருவருக்கும் இதுதான் முதல் ஹஜ்.

உம்மாவுக்கு 67 வயது. இரண்டு முட்டியிலும் தேய்மானம், வலது முட்டி ரொம்ப மோசம். நாற்காலியில் உட்கார்ந்துதான் தொழுகிறார்கள். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார்கள். சமதரையில் இருபது நிமிடம் மெதுவாக நடப்பார்கள், அப்புறம் உட்கார்ந்தே ஆக வேண்டும்.

சக்கர நாற்காலி எடுத்துக்கொள்ளலாம் என்று பேச்சை எடுத்தாலே முகம் மாறிவிடுகிறது. "கஅபாவை என் காலால் சுற்றத்தான் இத்தனை வருஷம் துஆ கேட்டேன்" என்கிறார்கள். இதில் இன்னொன்றும் இருக்கிறது. வாப்பாவும் உம்மாவும் சேர்ந்து போவதாகத்தான் பணம் சேர்த்தார்கள். வாப்பா மவுத்தாகி நான்கு வருடம் ஆகிறது. "அவருக்கும் சேர்த்து நான் நடக்கணும்" என்று சொல்லும்போது எனக்குப் பதில் வருவதில்லை.

இப்போதிருந்து தினமும் நடக்க வைத்தால் உம்மாவால் முடியுமா? மொத்தம் எவ்வளவு தூரம் வரும்? வயதானவர்களை அழைத்துப் போன அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். எதைக் கொண்டு போக வேண்டும், எதில் பிடிவாதம் பிடிக்கக் கூடாது என்பதையும் தெரிந்துகொள்ள ஆசை.

பதில் 1: மாலைத்தென்றல்

வஅலைக்குமுஸ் ஸலாம் சகோதரி. அல்லாஹ் உங்கள் இருவரின் ஹஜ்ஜையும் ஏற்றுக்கொள்வானாக.

தூரத்தை மட்டும் சொல்கிறேன். ஸஃபா, மர்வா குன்றுகளுக்கு இடையே நடக்கும் ஸஃயு, போவது ஒன்று, வருவது ஒன்று என்று எண்ணி ஏழு நடை. அது சுமார் மூன்று கிலோமீட்டர் வரும். தவாஃபின், அதாவது கஅபாவை ஏழு முறை சுற்றுவதன், தூரம் நீங்கள் எந்தத் தளத்தில் சுற்றுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கஅபாவை ஒட்டிய கீழ்த்தளத்தில் சுற்று சிறியது, மேல்தளத்தில் அதே ஏழு சுற்று பல மடங்கு நீளும். ஹஜ் நாட்களில் தங்கும் மினாவில் உங்கள் கூடாரம் எங்கே அமையும் என்பது முன்கூட்டியே நம் கையில் இல்லை. அங்கிருந்து கல்லெறியும் இடமான ஜம்ராவுக்குப் போய் வருவதே ஒரு பெரிய நடை. இதோடு பேருந்து நிற்கும் இடத்திலிருந்து நடப்பது, வழியை மாற்றிவிட்டால் சுற்றிப் போவது எல்லாம் சேரும்.

வெயிலையும் மறந்துவிடாதீர்கள். 2024 ஹஜ்ஜில் வெப்பம் 50 டிகிரியைத் தாண்டியது, 1,300 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் முறையான அனுமதி இல்லாமல் வந்து, ஒதுங்கக் கூடாரம் இல்லாமல் வெயிலில் நடந்தவர்கள். நீங்கள் அனுமதியோடு போகிறீர்கள், அல்ஹம்துலில்லாஹ். இருந்தாலும் குடையும் தண்ணீரும் கையை விட்டுப் போகக் கூடாது. மூளைக்காய்ச்சல் தடுப்பூசியைப் போய்ச் சேர்வதற்குப் பத்து நாளைக்கு முன்பே போட்டிருக்க வேண்டும், கடைசி வாரத்துக்குத் தள்ளிப் போடாதீர்கள்.

பதில் 2: ஏழாம்சுற்று

வஅலைக்குமுஸ் ஸலாம் தங்கச்சி. உங்கள் உம்மா சொன்னதைப் படித்ததும் என் உம்மா குரலே கேட்டது போல இருந்தது. 2023இல் நான் என் உம்மாவை அழைத்துப் போனேன். அப்போது அவர்களுக்கு 71 வயது. அதே முட்டி, அதே பிடிவாதம். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் செய்த தவறை முதலில் சொல்லிவிடுகிறேன். உம்மாவின் மனம் நோகக் கூடாது என்று முதல் உம்ராவை (தவாஃபும் ஸஃயும் கொண்ட சிறிய வழிபாடு) நடந்தே செய்ய விட்டேன். பயணக் களைப்பு, தூக்கம் இல்லை, இஹ்ராமில் (அதற்கான உடையும் கட்டுப்பாடும் ஏற்ற நிலையில்) வந்து இறங்கிய இரவு. கஅபாவைப் பார்த்த வேகத்தில் மூன்று சுற்று நன்றாக நடந்தார்கள். நான்காவது சுற்றில் என் தோளில் சாய்ந்தார்கள். ஐந்தாவதில் நான் தூக்கி நடப்பது போல ஆகிவிட்டது. ஓரமாக உட்கார்ந்து உட்கார்ந்து ஏழையும் முடித்தோம். ஸஃயுக்குச் சக்கர நாற்காலிதான், வேறு வழி இருக்கவில்லை. அடுத்த மூன்று நாளும் முட்டி வீங்கி, அறையிலிருந்து ஹரமுக்கு (கஅபா இருக்கும் பள்ளிவாசல்) ஒரு வேளை தொழக்கூட வர முடியவில்லை. அந்த மூன்று நாளும் உம்மா அழுதது கால் வலிக்காக மட்டும் இல்லை.

அதனால் சொல்கிறேன், உம்மாவின் காலில் எவ்வளவு சக்தி இருக்கிறதோ அதை ஹஜ் காரியங்கள் நடக்கும் துல்ஹிஜ்ஜா மாதம் பிறை 8லிருந்து 12 வரைக்கும் சேர்த்து வையுங்கள். முதல் வாரத்திலேயே நஃபில் (கட்டாயமில்லாத) தவாஃப், உம்ரா என்று செலவழித்துவிட்டு மினாவுக்குப் போகும்போது காய்ச்சலோடு போனவர்களை எங்கள் குழுவிலேயே பார்த்தேன்.

உங்கள் உம்மாவிடம் நான் சொல்லச் சொல்வது நபியின் மனைவி உம்மு ஸலமா (ரலி) அவர்களின் செய்தியைத்தான். உடல் நலமில்லை என்று அவர்கள் முறையிட்டபோது, மக்களுக்குப் பின்னால் வாகனத்தில் அமர்ந்தபடி தவாஃப் செய்யுமாறு நபி (ஸல்) அவர்களே சொன்னார்கள். புகாரி ஹதீஸ் நூலில் இருக்கிறது. ரசூலுல்லாஹ்வும் தம் இறுதி ஹஜ்ஜில் ஒட்டகத்தின் மேல் அமர்ந்து தவாஃப் செய்திருக்கிறார்கள். உம்முல் முஃமினீனுக்கு, அதாவது நம் எல்லோருக்கும் தாயானவருக்கு, கிடைத்த சலுகை உங்களுக்கும் கிடைக்கிறது உம்மா என்று நான் சொன்னேன். அதற்கு முன்னால் மருத்துவர் சொல்லிக் கேட்கவில்லை, நான் சொல்லியும் கேட்கவில்லை. இதைக் கேட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார்கள். அப்புறம், "சரி, நாற்காலியை எடு" என்றார்கள்.

இன்னொன்றையும் யோசியுங்கள். "ஹஜ் என்பதே அரஃபாதான்", அதாவது அரஃபா வெளியில் தங்குவதுதான், என்பது நபிமொழி. அந்த அரஃபாவில் நடக்க வேண்டிய வேலையே கிடையாது! பிறை 9 அன்று லுஹரிலிருந்து சூரியன் மறையும் வரை உங்கள் கூடாரத்திலேயே இருந்து துஆ கேட்கலாம். ஜபலுர் ரஹ்மா மலையில் ஏறினால்தான் ஹஜ் கூடும் என்று சிலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. அரஃபா எல்லைக்குள் எங்கே இருந்தாலும் போதும். நமிரா பள்ளிவாசலின் முன்பகுதி மட்டும் எல்லைக்கு வெளியே வருகிறது, அதில் கவனமாக இருங்கள். என் உம்மா மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து கையேந்தினார்கள். யார் யாருடைய பெயரையெல்லாம் சொன்னார்கள் தெரியுமா? நாற்பது வருடத்துக்கு முன்னால் பக்கத்து வீட்டில் இருந்தவர்கள் வரைக்கும் சொன்னார்கள். ஊரிலேயே ஒரு நோட்டில் பெயர்களை எழுதி வைத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் மனம் நிறைந்து போய்ப் பாதிப் பெயர் நினைவுக்கு வராது.

உம்மாவை விட உங்களுக்குத்தான் நடைப் பயிற்சி அதிகம் தேவை. மேல்தளத்தில் ஏழு சுற்று, அதற்கு மேல் ஸஃயு, இரண்டிலும் ஒருவரை வைத்துத் தள்ளுவது லேசான வேலை இல்லை. என் உள்ளங்கையில் கொப்புளமே வந்துவிட்டது. இப்போதிருந்தே தினமும் ஒரு மணி நேரம் நடங்கள், ஹஜ்ஜுக்குப் போடப் போகும் அதே செருப்போடு. புதுச் செருப்பு வாங்கி அங்கே போய்ப் பழக்கலாம் என்று நினைக்காதீர்கள். நாற்காலி தள்ளும் ஆட்கள் ஹரமில் கூலிக்குக் கிடைப்பார்கள், முடியாத அன்று அவர்களிடம் கொடுத்துவிடுங்கள். நீங்களே தள்ளும்போது உம்மாவும் நிய்யத் (மனதில் எண்ணம்) வைக்கிறார்கள், நீங்களும் வைக்கிறீர்கள். அப்போது இருவருக்கும் தவாஃப் நிறைவேறிவிடும்.

அப்புறம் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்று. மினா கழிவறைகள் பெரும்பாலும் தரையில் குந்தி உட்காரும் வகை. முட்டி மடங்காதவர்களுக்கு ஹஜ்ஜிலேயே பெரிய சோதனை அதுதான். அதற்குப் பயந்து என் உம்மா முதல் நாள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டார்கள். அந்த வெயிலில் இது எவ்வளவு ஆபத்து! நடுவில் ஓட்டை உள்ள மடக்கு ஸ்டூல் மருத்துவப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும். அதை மேலே வைத்து உட்கார்ந்துகொள்ளலாம். எங்கள் கூடாரத்தில் ஒரு பாட்டி அதைக் கொண்டு வந்திருந்தார்கள், எங்களுக்கும் தந்து உதவினார்கள். நான் திரும்பி வந்து யாருக்குச் சாமான் பட்டியல் சொன்னாலும் இஹ்ராம் துணிக்கு முன்னால் இதைத்தான் சொல்கிறேன்.

அரஃபாவிலிருந்து திரும்பும் வழியில் தங்கும் முஸ்தலிஃபாவில் இரவு திறந்த வெளியில், பாயில்தான் படுக்கை. கீழே படுத்தால் எழ முடியாது என்றால் அங்கேயும் மடக்கு நாற்காலி உதவும். பலவீனமானவர்கள் பின்னிரவிலேயே மினாவுக்குக் கிளம்ப அனுமதி உண்டு. நபியின் மனைவி சவ்தா (ரலி) அவர்கள் கேட்டு நபியவர்கள் அனுமதி கொடுத்தார்கள். உங்கள் குழுத் தலைவரிடம் இதை முன்பே பேசி வையுங்கள், அந்த இரவில் போய்க் கேட்டால் வண்டி கிடைக்காது.

கல்லெறிய உம்மாவால் போக முடியாவிட்டால் அவர்களுக்காக நீங்கள் எறியலாம். முதலில் உங்கள் ஏழு கல், பிறகு உம்மாவின் ஏழு. பிறை 12உடன் கிளம்பினால் ஒருவருக்கு 49 கல், 13 வரை தங்கினால் 70. இருவருக்கும் சேர்த்துக் கொஞ்சம் கூடுதலாகவே பொறுக்கிக்கொள்ளுங்கள். கொண்டைக்கடலையை விடச் சற்றுப் பெரிதாக இருந்தால் போதும்.

பிறைத்துளி

ஏழாம்சுற்று லாத்தா (அக்கா), என்ன சொல்வதென்றே தெரியவில்லை. ஜஸாக்கில்லாஹ் கைர். உம்மு ஸலமா (ரலி) செய்தியை உம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு முறை படிக்கச் சொன்னார்கள். "யோசிக்கிறேன்" என்றார்கள். இதுவரை அந்த வார்த்தைகூட வந்ததில்லை.

வாப்பாவுக்காகச் செய்வது பற்றி யாராவது சொல்ல முடியுமா? அப்புறம் எனக்குப் பயணத்தின்போது மாதவிடாய் தேதி வருகிறது. அது ஒரு கவலை.

பதில் 3: தேனீர்ப்பொழுது

சகோதரி, தன் ஹஜ்ஜை முடிக்காதவர் அடுத்தவருக்காக ஹஜ் செய்ய வந்தபோது, முதலில் உனக்காகச் செய் என்று நபி (ஸல்) சொன்னதாக அபூதாவூத் ஹதீஸ் நூலில் வருகிறது. ஆகவே இந்த ஹஜ்ஜை உம்மா தனக்காக நிய்யத் வைக்கட்டும், நீங்கள் உங்களுக்காக. வாப்பாவுக்கு அரஃபாவில் துஆ கேளுங்கள். பின்னால் வசதி வரும்போது, தன் கடமையை முடித்த ஒருவர் வாப்பாவின் பெயரில் பதல் ஹஜ் (அவருக்குப் பதிலாகச் செய்யும் ஹஜ்) செய்யலாம். கஸ்அம் குலத்துப் பெண் ஒருவர், வாகனத்தில் உட்காரக்கூட முடியாத தன் முதிய தந்தைக்காக ஹஜ் செய்யலாமா என்று கேட்டபோது நபியவர்கள் ஆம் என்றார்கள். ஆக, உங்கள் ஹஜ்ஜை முடித்த பிறகு மகளான நீங்களே வாப்பாவுக்காக அதைச் செய்யலாம்.

லாத்தா சொன்ன சலுகைகளில் நேரம், வரிசை பற்றியவை மத்ஹபுக்கு மத்ஹப் (சட்டப் பிரிவுக்குப் பிரிவு) கொஞ்சம் மாறும். ஹனஃபி மத்ஹபில் 10ஆம் நாள் காரியங்களின் வரிசை மாறினால் தம் (பரிகாரமாக ஆடு அறுப்பது) கொடுக்க வேண்டி வரலாம். நீங்கள் பின்பற்றும் ஆலிமிடம் உம்மாவின் உடல்நிலையைச் சொல்லி, ஒவ்வொன்றாக இப்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழாம்சுற்று

தங்கச்சி, மாதவிடாய் வந்தால் ஹஜ் போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம். நபியின் மனைவி ஆயிஷா (ரலி) அவர்களுக்கு ஹஜ் பயணத்திலேயே வந்து அழுதார்கள். தவாஃப் தவிர மற்ற ஹாஜிகள் செய்வதையெல்லாம் செய் என்று நபியவர்கள் ஆறுதல் சொன்னார்கள். மினா, அரஃபா, முஸ்தலிஃபா, கல்லெறிவது, துஆ, திக்ர் எதுவும் தடையில்லை. தவாஃபுல் இஃபாளாவை (ஹஜ்ஜின் கட்டாயத் தவாஃப்) மட்டும் சுத்தமான பிறகு செய்ய வேண்டும். திரும்பும் விமான தேதியை அதற்கு ஏற்றபடி பார்த்துக்கொள்ளுங்கள். தள்ளிப் போட மாத்திரை எடுப்பதானால் இப்போதே மருத்துவரைப் பாருங்கள், அங்கே போய் யாரோ தரும் மாத்திரையைப் போடாதீர்கள்.

உம்மா யோசிக்கிறேன் என்று சொன்னதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். அவர்களிடம் இதையும் சொல்லுங்கள். பிறை 10, 11 கூட்டத்தில் தவாஃபுல் இஃபாளாவுக்கு அடித்துப் பிடித்துப் போகாமல், நாங்கள் 12ஆம் நாள் அஸருக்கு முன் மேல்தளத்தில் நாற்காலியில் செய்தோம். ஆறு சுற்று தள்ளினேன். ஏழாவது தொடங்கும் பச்சை விளக்குக்கு நேரே வந்ததும் உம்மா, "நிறுத்து" என்று சொல்லி இறங்கிவிட்டார்கள். நாற்காலிக்குப் பின்னால் வந்து அதன் கைப்பிடி இரண்டையும் பிடித்துக்கொண்டார்கள். காலி நாற்காலியைத் தாங்கலாகத் தள்ளிக்கொண்டு, நின்று நின்று, அந்த ஒரு சுற்று முழுவதும் தன் காலாலேயே நடந்தார்கள். நான் பக்கத்தில் குடத்துத் தண்ணீரைச் சுமப்பவள் போல மெதுவாகப் போனேன். முடிக்க முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. என் பெயருக்கு அர்த்தம் கேட்காதவர்கள் இங்கே குறைவு, இதுதான் அது.

பிறைத்துளி

லாத்தா, இதைப் படித்துக் காட்டும்போது பாதியில் என் குரல் அடைத்துவிட்டது. மீதியை உம்மாவே கண்ணாடி போட்டுக்கொண்டு போனை வாங்கிப் படித்தார்கள். படித்துவிட்டு, அந்த நாற்காலியின் கைப்பிடி எவ்வளவு உயரம் இருக்கும் என்று கேட்கிறார்கள். நாளைக்குக் கடைக்குப் போய்ப் பார்க்கிறோம், அந்த ஸ்டூலையும் சேர்த்து.