நாகப்பட்டினக் கரையோரம் சாப்பிடவே ஒரு பயணம்: மலேசியாவின் சுங்கை சிப்புட்காரர்களின் அனுபவங்கள்

பாலர்பள்ளி அம்மா:

அனைவருக்கும் வணக்கம். நம் ஊரிலிருந்து இந்தியாவுக்குப் போகிறவர்கள் கோயில், சேலைக்கடை, சொந்தக்காரர் வீடு என்று போய் வருகிறார்கள். நாங்களும் அப்படித்தான் போயிருக்கிறோம். இந்த முறை சாப்பாட்டுக்காகவே போக ஆசை, அதுவும் கடலோரமாக. வீட்டுக்காரருக்கு ஒரு வாரம்கூட முழுசாக லீவு கிடைக்காது. சென்னையில் இறங்கி, கடலை ஒட்டியே கன்னியாகுமரி வரைக்கும் போய்விடலாம் என்கிறார். கூட மாமியாரும் இரண்டு பிள்ளைகளும் வருவார்கள். போய் வந்தவர்கள் எங்கே என்ன சாப்பிட்டீர்கள், யாரைப் பார்த்துப் பேசினீர்கள் என்று எழுதினால் உதவியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற டீச்சர்:

போகலாம் அம்மா, ஆனால் சாப்பிட நேரம் இருக்காது. கடலோரமாகப் போனால் சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு எழுநூறு கிலோமீட்டருக்கு மேல். பகல் முழுக்க வண்டியில் கழியும். ஊர் போய்ச் சேரும் நேரத்தில் மதியச் சாப்பாடு தீர்ந்திருக்கும். மாமியாரையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு அந்த அலைச்சல் வேண்டாம். கரையில் ஒரு துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு, அங்கே எந்த வேளைக்கு எது கிடைக்கும் என்று பார்த்துத் திட்டம் போடுங்கள்.

நானும் என் தங்கையும் எடுத்துக்கொண்டது தரங்கம்பாடியிலிருந்து வேளாங்கண்ணி வரை. நடுவில் காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம். எல்லாம் சேர்த்தும் ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர்தான். சென்னைக்குப் போகவே தேவையில்லை. கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு நேரடி விமானம் இருக்கிறது. திருச்சியிலிருந்து தஞ்சாவூர், திருவாரூர் வழியாக நாகப்பட்டினம் சுமார் 140 கிலோமீட்டர். ரயிலிலும் போகலாம், கார் பிடித்தும் போகலாம். நாகப்பட்டினத்திலேயே அறை எடுத்துத் தங்கிக்கொண்டு மற்ற ஊர்களுக்குப் போய்ப் போய் வருவது நல்லது. பெட்டியைத் தினமும் கட்டி அவிழ்க்கும் வேலை மிச்சம்.

இனி சாப்பாட்டுக்கு வருகிறேன். நாகப்பட்டினத்தில் விடியும் முன்பே எழுந்து அக்கரைப்பேட்டை மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனோம். விசைப்படகுகள் வந்து நிற்கின்றன, கூடை கூடையாக மீன் இறங்குகிறது, ஏலம் போடுகிற குரல்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. நம் ஊர்ப் பசாரில், அதாவது சந்தையில், பனிக்கட்டிக்குள் கிடக்கும் மீனைத்தான் இத்தனை வருடமாகப் பார்த்திருக்கிறேன். அங்கே ஒரு மீனுக்கும் கண் மங்கியிருக்கவில்லை. கூடைக்காரப் பெண்மணி ஒருவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "வாங்க வந்தீங்களா, வேடிக்கை பார்க்க வந்தீங்களாக்கா?" என்று கேட்டார். மலேசியாவிலிருந்து வந்திருக்கிறோம், சமைக்க இடமில்லை, ஆனால் இந்த மீனைச் சாப்பிடாமல் ஊருக்குப் போக மனசில்லை என்றேன். அவர் சிரித்துவிட்டு, "என் கூடை போற வீட்டுக்கு நீங்களும் போங்க" என்று ஒரு மெஸ்ஸுக்கு வழி சொன்னார். பெயர்ப்பலகைகூட இல்லாத, வீட்டுக் கூடத்திலேயே இலை போடும் இடம்.

பன்னிரண்டரைக்குப் போய் உட்கார்ந்தோம். காலையில் அந்தக் கூடையில் பார்த்த சங்கரா மீன்தான் குழம்பில். நம் தோட்டத்து மீன் குழம்பில் தேங்காய்ப்பால் ஊற்றி, வெண்டைக்காய், தக்காளி போட்டு மசாலை மணக்க வைப்போம் அல்லவா? அந்த வீட்டுக் குழம்பில் பால் இல்லை. புளியும் மாங்காயும் மட்டும்தான் புளிப்பு, மிளகாய் பின்னால்தான் வந்து எட்டிப் பார்க்கிறது, மீனின் ருசி முன்னால் நிற்கிறது. கூடவே சுறாப்புட்டு. பூண்டும் இஞ்சியும் தாராளமாகப் போட்டு உதிர்த்திருந்தார்கள். என் தங்கை அதை மட்டுமே மூன்று தடவை கேட்டு வாங்கினாள். சமைத்த அம்மா உள்ளேயிருந்து வந்து, "மலேசியாவுல சுறா கிடைக்காதா?" என்று கவலையாக விசாரித்தார். இரண்டு மணிக்கு மேல் வந்தவர்களுக்குச் சோறு இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மதியச் சாப்பாட்டுக்கு நேரத்தோடு போய்விடுங்கள்.

சாயங்காலம் நாகூர். தர்காவுக்குப் போகும் தெருவில் வாடா சுடுவார்கள். அரைத்த அரிசி மாவைத் தட்டி, வெங்காயம் சேர்த்து, மேலே இறால் பதித்துப் பொரிப்பது. ஓரம் மொறுமொறுவென்றும் நடு மெத்தென்றும் இருக்கும். ஆறிவிட்டால் பாதி ருசி போய்விடும். பொட்டலம் கட்டி அறைக்குக் கொண்டு போகாமல் அங்கேயே நின்று சாப்பிடுங்கள்.

தரங்கம்பாடியில் 1620இல் டென்மார்க்காரர்கள் கட்டிய கோட்டை கடலைப் பார்த்தபடி நிற்கிறது. பிள்ளைகளுக்குக் காட்ட நல்ல இடம், சாப்பாட்டுக்கு என்று தனியாகச் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. வேளாங்கண்ணிக் கடற்கரையில் சிவப்பு மசாலா தடவி வெயிலில் அடுக்கி வைத்திருக்கும் மீனை நான் தொடவில்லை. மாமியாரோடு போகிற நீங்களும் தொட வேண்டாம்.

லாரிக்காரன்:

டீச்சர் சொன்ன அதே நாகப்பட்டினத்துக்கு நான் என் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் தாத்தா அங்கேதான் கப்பல் ஏறினார். ராஜுலா கப்பல். 1926இலிருந்து 1970களின் தொடக்கம் வரைக்கும் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்று ஓடியது. நம் சுங்கை சிப்புட் தோட்டங்களில் லயத்துக்கு ஒரு வீட்டிலாவது அந்தக் கப்பல் கதை இருக்கும்.

அம்மாவுக்குத் துறைமுகத்தைப் பார்த்தால் போதும் என்றுதான் கிளம்பினோம். பக்கத்தில் ஒரு டீக்கடையில் வயசான ஐயா ஒருவர் உட்கார்ந்திருந்தார். எண்பது தாண்டியிருக்கும். அம்மாவின் பேச்சைக் கேட்டதும், "பினாங்கா, ஈப்போவா?" என்று கேட்டார். அவருடைய அப்பா கப்பல் பயணிகளுக்குச் சோறு கட்டிக் கொடுத்தவராம். கெட்டுப் போகாமல் இருக்க நல்லெண்ணெய் தூக்கலாக விட்ட புளிச்சோறு, எலுமிச்சை ஊறுகாய், வறுத்த கருவாடு. சின்னப் பையனாக இவர் பொட்டலங்களைத் தூக்கிக்கொண்டு படகுத்துறை வரைக்கும் ஓடுவாராம். எங்கள் தாத்தா சாகும்வரைக்கும் வெளியூர் கிளம்பினால் புளிச்சோறும் கருவாடும்தான் கட்டச் சொல்வார். எங்கள் அம்மா அந்த ஐயா கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

அன்றைக்கு மத்தியானம் நாங்கள் ஓட்டலுக்குப் போகவில்லை. ஐயா மருமகள் வீட்டில் புளிச்சோறு கிளறி, நெத்திலிக் கருவாடு வறுத்துப் போட்டார்கள். காசு கொடுத்தபோது கோபித்துக்கொண்டார்கள். பேரப்பிள்ளைக்கு என்று சொல்லித்தான் கொடுக்க முடிந்தது.

இன்னொரு விஷயம், இது முக்கியம். எந்த மாதம் போகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. மீன் குஞ்சு பொரிக்கும் காலம் என்பதால் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. நாட்டுப் படகுகள் மட்டும் போகும், ஆகவே மீன் குறைவு, விலை அதிகம். ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறையில் போகலாம் என்று நினைத்தால் அதுவும் சிக்கல். அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்கும் அந்தப் பக்கம் வடகிழக்குப் பருவமழை. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம்தான் கரையைக் கடந்தது. என் அண்ணன் குடும்பம் டிசம்பரில் போய், படகெல்லாம் கரையில் கட்டிக் கிடந்ததால் கோழிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். ஜனவரி கடைசியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதிக்குள் போங்கள்.

கீழக்கரை பாய்:

டீச்சருக்கும் அண்ணனுக்கும் சலாம். நான் பசார் பக்கம் உணவகத்தில் ரொட்டி போடுகிறவன், சொந்த ஊர் ராமநாதபுரம் மாவட்டத்துக் கீழக்கரை. எங்கள் ஊரைப் பற்றி யாருமே எழுதவில்லையே என்றுதான் எழுதுகிறேன்.

மலாய்க்காரர்கள் பெருநாளுக்குக் கிண்டும் டோடோல் உங்கள் எல்லாருக்கும் தெரியும். எங்கள் ஊரிலும் தொதல் உண்டு. தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் அரிசி மாவும் சேர்த்து, கை ஓயாமல் மணிக்கணக்காகக் கிண்டி, எண்ணெய் பிரியும்போது இறக்குவது. என் உம்மா கிண்டும்போது பக்கத்து வீட்டுப் பெண்கள் முறை போட்டுக் கரண்டி பிடிப்பார்கள். கடல் வணிகம் செய்த எங்கள் முன்னோர்கள் கப்பலில் இந்தப் பக்கமும் இலங்கைப் பக்கமும் போய் வந்தவர்கள். இங்கே வேலைக்கு வந்த புதிதில் நோன்புக்கால பசாரில் முதல் தடவை டோடோலை வாயில் போட்டபோது உம்மா ஞாபகம் வந்து அப்படியே நின்றுவிட்டேன். நான் அழுததைப் பார்த்து விற்ற மலாய் மக்சிக் (அத்தை) இன்னொரு துண்டு சும்மாவே கொடுத்தார். கீழக்கரைத் தொதலில் கருப்பட்டி வாசம் கூடுதல். கெட்டியாகவும் இருக்கும். ஊருக்கு வாங்கி வர ஏற்ற பண்டம்.

கல்யாண வீட்டுக்கு யாராவது அழைத்தால் மறுக்காதீர்கள். எங்கள் பக்கம் சஹன் என்கிற பெரிய தட்டைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவோம். நெய்ச்சோறும் கறியும். காயல்பட்டினத்தில் இதையே களறிச் சாப்பாடு என்று பெரிதாக நடத்துவார்கள்.

நோன்பு மாதம் எப்போது வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்த மாதம் நாகூர், கீழக்கரை, காயல்பட்டினம் எல்லாவற்றிலும் பகலில் பல கடைகள் திறக்காது. ஆனால் அந்தி சாய்ந்ததும் தெருவெல்லாம் நோன்புக்கஞ்சியும் வாடாவும்தான். பிள்ளைகள் இல்லாமல் போகிறவர்களுக்கு நான் அந்த மாதத்தையே சொல்வேன். நாகூர் தர்காவின் கந்தூரி விழாச் சமயம் மட்டும் அறை கிடைப்பது கஷ்டம். இஸ்லாமிய மாதக் கணக்கு என்பதால் வருடா வருடம் பத்துப் பதினொரு நாள் முன்னுக்கு வரும்.

முருகனடிமை:

நான் மீன் சாப்பிடுவதில்லை. ஆனாலும் கடலோரத்தில் எனக்கும் சாப்பாடு இருந்தது. திருச்செந்தூர் தரிசனம் முடித்துவிட்டு உடன்குடிப் பக்கம் போனோம். பனையேறி ஒருவர் காலை ஏழு மணிக்குள் இறக்கிய பதநீரைப் பனையோலையை மடித்து அதில் ஊற்றிக் கொடுத்தார். கொஞ்சம் மாங்காயும் கீறிப் போட்டார். வெயில் ஏறினால் புளித்துவிடும் என்று, கேட்டு வந்த இன்னொரு குடும்பத்துக்குப் பத்து மணிக்கே இல்லை என்று சொல்லிவிட்டார். கலப்படம் செய்யாமல் பிழைக்கிற அந்த மனிதர் மேல் எனக்கு அவ்வளவு மரியாதை. அவர் வீட்டு முற்றத்தில் பதநீர் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டி ஆவதையும் பார்த்தோம். உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. சுக்கும் ஏலக்காயும் சேர்த்த சில்லுக்கருப்பட்டி பிள்ளைகளுக்குப் பிடிக்கும். பங்குனி, சித்திரையில் பதநீர் நன்றாகக் கிடைக்கும்.

திருச்செந்தூரிலிருந்து தூத்துக்குடி நாற்பது கிலோமீட்டர்தான். மக்ரூன் வாங்கலாம். முந்திரியும் முட்டை வெள்ளைக்கருவும் சீனியும் அடித்துச் சுடுவது. முட்டை என்பதால் நான் சாப்பிடவில்லை, பேரப்பிள்ளைகள் டப்பாவோடு முடித்துவிட்டார்கள். ஆனால் இதை நாகப்பட்டினத்தோடு சேர்த்துப் போட வேண்டாம். நடுவில் ராமநாதபுரம் மாவட்டக் கரை முழுதும் கிடக்கிறது.

ஓய்வுபெற்ற டீச்சர்:

மாமியாருக்காக இரண்டு வார்த்தை. கொதித்து ஆறிய தண்ணீரோ சீல் வைத்த போத்தலோ மட்டும் கொடுங்கள். தள்ளுவண்டி ஐஸ் வேண்டாம். சின்னக் கடைகளில் எல்லாரும் கைப்பேசியைக் காட்டித்தான் பணம் கட்டுகிறார்கள். நம் வங்கி அட்டை அங்கே எடுபடாது. திருச்சியிலேயே நம் மலேசிய வெள்ளியை (ரிங்கிட்டை) மாற்றி, பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்களாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். விசாவை இந்திய அரசின் இணையதளத்தில் நீங்களே போடலாம், நடுவில் ஆள் தேவையில்லை.

பாலர்பள்ளி அம்மா:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. வீட்டுக்காரரிடம் முழுவதையும் படித்துக் காட்டினேன். கன்னியாகுமரியை விட்டுவிட்டார். மார்ச் பள்ளி விடுமுறையில் திருச்சி போய் இறங்கி, நாகப்பட்டினத்திலேயே தங்கப் போகிறோம். காலையில் அக்கரைப்பேட்டை, மதியம் டீச்சர் சொன்ன மெஸ், சாயங்காலம் நாகூர். நோன்போடு சேர்ந்து வந்தால் பகலில் நாகப்பட்டினத்திலேயே சாப்பிட்டுக்கொண்டு, அந்திக்கு நோன்புக்கஞ்சி குடிக்க நாகூர் போவோம். ஒரு நாள் காரைக்கால், தரங்கம்பாடி. கீழக்கரையும் உடன்குடியும் அடுத்த வருடத்துக்கு.

பாய், உங்கள் ஊர்த் தொதலை அஞ்சலில் நாகப்பட்டினத்துக்கு அனுப்பச் சொல்ல முடியுமா? லாரிக்கார அண்ணே, அந்த ஐயா உட்காரும் டீக்கடை எந்தத் தெரு என்று தனியாகச் சொல்லுங்கள். என் மாமியாரின் அப்பாவும் ராஜுலாவில் வந்தவர்தான்.

கூட வர விருப்பமுள்ள குடும்பம் இருந்தால் இந்த மாதக் கடைசிக்குள் சொல்லுங்கள். இங்கிருந்து கேஎல் சென்ட்ரலுக்கு இடிஎஸ் ரயிலில் ஒன்றாகவே போகலாம். விமான டிக்கெட் விலை வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டிருக்கிறது.