சென்னிமலைச் சரிவில் ட்ரோன் படம் ஏன் விலகுகிறது?

நொய்யல்கரை:
அண்ணா, சென்னிமலை அடிவாரத் தோட்டங்களின் ட்ரோன் படத்தை கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் நாலு மூலையும் பொருத்தி, மேலே வரப்பு வரைகிறேன். சமதளத்தில் சரியாக உட்காருகிறது, சரிவில் மட்டும் வேலி விலகுகிறது. ஏனுங்க?

மேட்டாங்காடு:
மூலையைப் பொருத்தினால் மட்டும் போதாது தம்பி. மேடான இடம் கேமராவுக்குக் கிட்ட இருப்பதால் படத்தின் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தள்ளித் தெரியும், ஓரத்துத் தென்னைகள் வெளியே சாய்ந்த மாதிரி இருப்பதும் அதனால்தான். நிலத்தின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் உயர மாதிரியை வைத்து ஒவ்வொரு புள்ளியையும் அதனதன் இடத்துக்கு நகர்த்திய ஆர்த்தோ படத்தில்தான் பரப்பை நம்பி அளக்க முடியும்.

கிணத்துமேடு:
தரைக் கட்டுப்பாட்டுப் புள்ளிகளை, அதாவது இருப்பிடத்தைத் துல்லியமாக அளந்து குறித்த அடையாளங்களை, மேட்டிலும் வையுங்க. அப்புறம், யுடிஎம் என்ற வரைபட ஆள்கூற்று முறையில் ஈரோடு மண்டலம் 43, கரூர் நகரம் மண்டலம் 44, கலந்துவிடாதீங்க.

நொய்யல்கரை:
சரிங்கண்ணா. தரை உயரம் மட்டும் கொடுத்தால் கூரைகள் நேராகுமா?

மேட்டாங்காடு:
ஆகாது. கட்டடம், மரம் எல்லாம் சேர்ந்த மேற்பரப்பு மாதிரி வேண்டும். வரப்புக்குத் தரை மாதிரியே தாராளம்.