கம்பெனிக்கு வீடு வாடகை: 54,000 பேசிவிட்டு 38,880தான் தருவோம் என்கிறார்கள், சரியா?

படப்பைக்காரன்
வணக்கம். ஒரகடம் பக்கம் அம்மா பெயரில் ஒரு வீடு இருக்கிறது. கீழே இரண்டு போர்ஷன், மாடியில் ஒன்று. அப்பா ரிட்டயர் ஆன பணத்தில் கட்டியது. பக்கத்தில் ஒரு ஆலை, தன் ஊழியர்கள் தங்க மூன்றையும் சேர்த்து மாதம் 54,000-க்குக் கேட்கிறது. தனித்தனியாக விட்டால் 45,000 தேறுவதே கஷ்டம். அதனால் அம்மாவுக்கு விருப்பம்தான்.

நேற்று ஒப்பந்த நகல் வந்தது. 'வாடகை அனைத்து வரிகளும் உட்பட' என்று ஒரு வரி. ஹெச்ஆரிடம் கேட்டால் டிடிஎஸ் (வாடகை தரும்போதே பிடித்துக்கொள்ளும் வருமான வரி) 10%, ஜிஎஸ்டி 18% இரண்டையும் கழித்துக்கொண்டுதான் தருவோம் என்கிறார். 5,400-ம் 9,720-ம் போனால் கைக்கு வருவது 38,880. எங்களுக்கு ஜிஎஸ்டி எண்ணே கிடையாது. அம்மாவுக்கு 67 வயது, வேறு வருமானமும் இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

காஞ்சி கணக்கர்
தம்பி, அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட வேண்டாம். இரண்டும் வேறு வேறு விஷயம்.

டிடிஎஸ் பிடிப்பது முறைதான். 2025 ஏப்ரலிலிருந்து மாத வாடகை 50,000-ஐத் தாண்டினால் கம்பெனி 10% பிடித்தாக வேண்டும். பான் தராவிட்டால் 20%. ஆனால் அது போய்விடும் பணம் இல்லை, அம்மாவின் பான் கணக்கில் ஏறும். ஆண்டு வாடகை 6,48,000. வருமான வரிச் சட்டம் வாடகைக்குத் தரும் 30% கழிவு போனால் 4,53,600. கட்டிய வீட்டு வரியையும் கழிக்கலாம். 2025-26-க்குப் புதிய வரிமுறையில் வரியே வராது. மூத்த குடிமகள் என்பதால் 'எனக்கு வரி வராது' என்று உறுதி சொல்லும் 15ஹெச் படிவத்தை முதல் மாதமே கொடுத்துவிடுங்கள், பிடிக்க மாட்டார்கள். அதற்குள் பிடித்துவிட்டால் ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கலாம்.

ஜிஎஸ்டி கதையே வேறு. குடியிருப்பு வீட்டை ஜிஎஸ்டி பதிவுள்ள நிறுவனத்துக்கு விட்டால் 2022 ஜூலை 18 முதல் 18% உண்டு. ஆனால் அதை அரசுக்குக் கட்ட வேண்டியது வாடகைக்கு எடுப்பவர். ரிவர்ஸ் சார்ஜ் என்பார்கள். இதற்காக நீங்கள் பதிவு எடுக்கவும் வேண்டாம். ஆபத்து அந்த 'உட்பட' என்ற சொல்லில்தான் இருக்கிறது. அதை ஒப்புக்கொண்டால் பின்னால் வாதாடுவது சிரமம். 'ஜிஎஸ்டி நீங்கலாக, அது வாடகைதாரரின் பொறுப்பு' என்று மாற்றச் சொல்லுங்கள்.

வல்லக்கோட்டை அக்கா
வரியை அவர் சொல்லிவிட்டார். நான் பட்டதைச் சொல்கிறேன். எங்கள் இரண்டு பெட்ரூம் போர்ஷனை இப்படித்தான் விட்டோம், எத்தனை பேர் என்று எழுதவில்லை. நான்கு பேர் வந்தார்கள், ஆறு மாதத்தில் பதினொன்று ஆனார்கள். பிள்ளைகளைக் குறை சொல்ல மனசு வரவில்லை தம்பி. ஊர் விட்டு ஊர் வந்து ஷிஃப்ட் ஷிஃப்டாகத் தூங்குகிறார்கள், ஒருவர் எழுந்த பாயில் அடுத்தவர். ஆனால் வீடு தாங்கவில்லை. செப்டிக் டேங்குக்கு மாதம் ஒரு லாரி. மோட்டார் ஓய்வில்லாமல் ஓடி அதன் காயில் எரிந்துபோனது. இரும்புக் கட்டில் காலுக்கு ரப்பர் போடாததால் ஹாலில் ஆறு டைல்ஸ் விரிசல் விட்டது. கரண்டும் இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டி வேறு ஸ்லாபுக்குப் போய்விடும். போர்ஷனுக்கு இத்தனை பேர், லாரிச் செலவு யாருடையது, மோட்டார் யார் பார்ப்பது எல்லாம் எழுத்தில் வரட்டும்.

படப்பைக்காரன்
ரொம்ப நன்றி அக்கா, சார். இப்போதுதான் கடைசிப் பக்கத்தைக் கவனித்தேன். மேலே ஆலையின் பெயர், கையெழுத்து இடத்தில் ஆள் அனுப்பும் ஒரு கான்ட்ராக்டரின் முத்திரை. இது பரவாயில்லையா?

காஞ்சி கணக்கர்
பரவாயில்லை என்று விடாதீர்கள், இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை. நாளை கான்ட்ராக்ட் முடிந்து அவர் போய்விட்டால் ஆலை 'எங்களுக்குச் சம்பந்தமில்லை' என்று சொல்லிவிடும், உள்ளே ஆட்கள் இருப்பார்கள். வாடகைதாரர் ஆலை என்றால் ஆலையின் பான், ஜிஎஸ்டி எண், கையெழுத்திடுபவருக்கு அதிகாரம் தந்த கடிதம் மூன்றும் இணைப்பாக வேண்டும். ஊழியர் தங்கலாம், வேறு யாருக்கும் உள்வாடகை கூடாது என்று எழுதுங்கள்.

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் உள்ள வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். உரிமையாளரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விட முடியாது. ஒரு வருடத்துக்கு மேல் போட்டால் சார்பதிவாளர் அலுவலகத்திலும் பதிய வேண்டும்.

படப்பைக்காரன்
நேற்று நேரில் போய்ப் பேசினேன். ஹெச்ஆர் முதலில் 'எல்லா வீட்டுக்கும் இதே நகல்தான் சார்' என்றார். ரிவர்ஸ் சார்ஜ் என்று சொன்னதும் கணக்குப் பிரிவுக்குப் போன் போட்டார், பத்து நிமிடத்தில் 'உட்பட' போய் 'நீங்கலாக' வந்துவிட்டது. ஆலையின் பெயரிலேயே கையெழுத்து, 11 மாதம், போர்ஷனுக்கு நான்கு பேர் வீதம் 12 பேர், மூன்று மாத அட்வான்ஸ் 1,62,000. லாரிச் செலவு மட்டும் பாதிப் பாதி. அதற்கு மேல் அவர்கள் இறங்கவில்லை, அம்மாவும் சரி என்றுவிட்டார். 15ஹெச் கொடுத்து நகலில் முத்திரை வாங்கிவிட்டேன். சாவி திங்கட்கிழமை கொடுக்கிறோம். அதற்கு முன் மூன்று மீட்டரையும் ஹால் டைல்ஸையும் தேதியோடு போட்டோ எடுத்து வைக்கிறேன். கட்டில் காலுக்கு ரப்பரும் எழுதிவிட்டேன் அக்கா.