மறு: பேஸ்பாலில் முதல் ஐந்து இன்னிங்ஸ் பந்தயத்துக்குத் தமிழ்ச்சொல்

அன்புள்ள நண்பர்களே,

> 'அரையாட்டப் பந்தயம்' போதாதா? கேட்டவுடன் புரிகிறதே.

புரிகிறது, ஆனால் தவறாகப் புரிகிறது. ஓர் ஆட்டத்தின் ஒன்பது இன்னிங்ஸில் ஐந்து பாதி அல்ல என்பதைக்கூட விட்டுவிடலாம். பேஸ்பாலில் ஒவ்வொரு இன்னிங்ஸும் இரண்டு பாதி: வருகை அணி மட்டை பிடிப்பது மேல்பாதி, சொந்த மைதானத்து அணி பிடிப்பது கீழ்பாதி. 'அரை' அங்கே ஏற்கெனவே வேலையில் இருக்கிறது. கிரிக்கெட் பழகிய நம் வாசகருக்கு ஓர் அணி ஆடி முடித்தாலே ஓர் இன்னிங்ஸ். இங்கே இரண்டு அணியும் ஆடினால்தான் ஒன்று. அதனால் பேஸ்பால் இன்னிங்ஸைச் 'சுற்று' என்றே வைத்துக்கொள்வோம் என்ற முந்தைய மடலை ஆதரிக்கிறேன்.

ஐந்தாம் சுற்று முடியும்போது உள்ள ஓட்டக் கணக்குதான் இந்தப் பந்தயத்தின் முடிவு. அப்போது 3-1 என முன்னிலையில் இருந்த அணி கடைசியில் 4-6 எனத் தோற்றாலும், அதன் மேல் கட்டியவருக்குப் பணம் உண்டு. ஏன் ஐந்து? ஆட்டத் தொடக்கத்திலிருந்து பந்தெறிபவர், அதாவது தொடக்க எறிவாளர்தான் காரணம். ஒன்பது மட்டையாளர்கள் வரிசையாக வருகிறார்கள். மூன்றாம் முறை அதே ஆளைச் சந்திக்கும்போது அவருடைய பந்து பழகிவிடுகிறது. ஆகவே இப்போதெல்லாம் ஐந்து, ஆறு சுற்றிலேயே அவரை எடுத்துவிடுகிறார்கள். பின்னால் வரும் மாற்று எறிவாளர்களைக் கணிப்பது கடினம். அவர்களை ஒதுக்கிவிட்டு, இரண்டு தொடக்க எறிவாளர்களில் யார் மேல் என்று மட்டும் பார்ப்பதே இதன் உயிர். இன்னொன்றும் உண்டு: முழு ஆட்டத்தில் சொந்த மைதானத்து அணி முன்னிலையில் இருந்தால் ஒன்பதாம் சுற்றின் கீழ்பாதியை ஆடவே மாட்டார்கள். முதல் ஐந்தில் அந்தக் குறை இல்லை, இரு அணிக்கும் சரிசமமாக ஐந்து வாய்ப்பு.

சரி, சொல்லுக்கு வருவோம். 'முதலைந்து' எழுத்தில் முதலையாகத் தெரிகிறது. போதாததற்குப் பணம் புழங்கும் இடத்தில் 'முதல்' என்றால் போட்ட பணம். 'முன்னாட்டம்' எனக்கு மிகவும் பிடித்திருந்தது. முற்பகல், முன்னிரவு வரிசையில் அழகாக உட்காருகிறது. ஆனால் பேஸ்பாலில் ஒரே நாளில் இரண்டு ஆட்டம் நடப்பதுண்டு. அன்றைக்கு 'முன்னாட்டம்' முதல் ஆட்டத்தைக் குறிப்பதாகிவிடும். என் பரிந்துரை 'முன்னைந்து': முன்னைந்துப் பந்தயம், முன்னைந்து ஓட்டம். மூன்று, ஏழு சுற்றுகளுக்கும் இதே பந்தயம் உண்டு என்பதால் முன்மூன்று, முன்னேழு என்று நீட்டவும் வழி இருக்கிறது. கட்டும் தொகையைப் 'பணயம்' என்று பிரித்துக்கொண்டால் குழப்பமே இல்லை.

> சமனானால் பணம் திரும்புவதற்குத் 'தள்ளல்'

இது வேண்டாமே. நம் ஊர்ச் சீட்டாட்டத்தில் ஆட்டம் 'கலைந்தது' என்கிறோம். 2-2 என நின்றால் பந்தயம் கலைந்தது, பணயம் திரும்பியது என்று சொன்னால் போதும். சமனையும் சேர்த்து மூன்று முடிவாக வைக்கும் பந்தயத்தில் மட்டும் இது பொருந்தாது. அங்கே அணி மேல் கட்டியவர் தோற்றவர்தான். அறிவித்த எறிவாளர் இறங்காததால் ரத்தாவது வேறு. அதற்குச் 'செல்லாப் பந்தயம்' இருக்கட்டும்.

உண்மையான சிக்கல் வேறிடத்தில். 2018 மே 19 அன்று டம்பா பே ரேஸ் அணி, வழக்கமாகக் கடைசியில் வரும் செர்ஜியோ ரோமோவை முதலில் இறக்கி, ஒரே சுற்றோடு மாற்றியது. விதிப்படி அவரும் தொடக்க எறிவாளரே. ஆனால் முன்னைந்தில் கட்டுபவர் நம்புவது அவருக்குப் பின் நீண்ட நேரம் எறியப்போகிறவரை. ரோமோவைப் போல ஒரே சுற்றுக்கு முதலில் இறங்குபவரை 'முன்னெறிவாளர்' என்று தனியே குறிக்காவிட்டால் நம் வாசகர் ஆளையே மாற்றிப் புரிந்துகொள்வார்.

கலைச்சொல் பட்டியலில் 'ஒற்றைப்பந்துப் பந்தயம்' தனிப் பதிவாக வர வேண்டும் என்பதிலும் நான் உறுதியாக இருக்கிறேன். 2025 நவம்பரில் கிளீவ்லாந்து அணியின் இரு எறிவாளர்கள் மீது வந்த குற்றச்சாட்டு தனித்தனிப் பந்துகளின் மேலான பந்தயம் பற்றியது. அதையடுத்து அந்த வகைக்கு 200 டாலர் உச்சவரம்பு வைத்தார்கள். ஒரு பந்தைக் கெடுக்க ஒருவர் போதும். ஐந்து சுற்றைக் கெடுப்பது அவ்வளவு எளிதல்ல. இரண்டையும் 'ஆட்டத்திடைப் பந்தயம்' என்ற ஒரே தலைப்பில் போட்டிருப்பதைத் தயவுசெய்து பிரித்துவிடுங்கள்.

'முன்னெறிவாளர்' என்பதைவிட நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்