கிளிப் முடிக்கு டை போட்டால் பாதிதான் ஏறுகிறது, உதவி தேவை

நிலா_ஈரோடு:
நாத்தனார் கல்யாணத்துக்காக ஆன்லைனில் கிளிப் எக்ஸ்டென்ஷன் வாங்கினேன். ‘முழுக்க மனித முடி, நேச்சுரல் பிளாக்’ என்று போட்டிருந்தார்கள். வீட்டு விளக்கில் கருப்பு, வாசல் வெயிலில் பிடித்தால் செம்பட்டை. என் முடியோ நல்ல கருப்பு. சின்னப் பட்டை ஒன்றில் மட்டும் கருப்பு க்ரீம் டை பூசி, பாக்கெட்டில் சொன்ன நேரம் வைத்து அலசிப் பார்த்தேன். காய்ந்த பிறகு ஒரு இழை மைக்கருப்பு, பக்கத்து இழை பழைய செம்பட்டை. இன்னும் அதிக நேரம் ஊற வைக்கலாமா? வேறு பிராண்டு மாற்றலாமா?

பார்லர்_ராணி:
இரண்டும் வேண்டாம்மா. முதலில் அது என்ன முடி என்று பார்ப்போம். பட்டையின் வெவ்வேறு இடங்களிலிருந்து பத்துப் பதினைந்து இழைகளை உருவி, ஒவ்வொன்றாக இடுக்கியில் பிடித்து மெழுகுவத்தியில் காட்டுங்கள். பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் இருக்கட்டும். மனித முடி சுருண்டு கருகும், முடி பொசுங்கும் நாற்றம் வரும், ஆறியபின் தேய்த்தால் பொடியாக உதிரும். செயற்கை இழை உருகி நுனியில் கெட்டியான உருண்டையாக நிற்கும். ஒரே ஒரு இழையைக் கொளுத்திப் பார்த்துவிட்டு ‘ஒரிஜினல்தான்’ என்று நம்புகிறவர்கள்தான் ஏமாறுகிறார்கள்.

நிலா_ஈரோடு:
பார்த்தேன் அக்கா. ஏறக்குறைய பாதி பொடியானது, பாதி உருண்டை கட்டியது!

பார்லர்_ராணி:
கலப்படம். இதை எந்த டையாலும் ஒரே நிறமாக்க முடியாது.

வேதியியல்_வாத்தியார்:
காரணம் சொல்கிறேன். க்ரீம் டையில் உள்ள சின்ன மூலக்கூறுகள் முடிக்குள் புகுந்து, பெராக்சைடு பட்டதும் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி, வெளியே வர முடியாமல் மாட்டிக்கொள்கின்றன. பாலியெஸ்டர், மோடாக்ரிலிக் போன்ற செயற்கை இழைகளுக்குள் அவை அப்படிப் புகுவதில்லை. பாலியெஸ்டருக்கான துணிச்சாயம் தனியாக உண்டு. ஆனால் அதற்குக் கொதிநிலைக்குப் பக்கத்தில் சூடு வேண்டும். அந்தச் சூட்டில் உங்கள் கிளிப் முடி தேங்காய் நார் ஆகிவிடும்.

நிலா_ஈரோடு:
டை பட்டதால் திருப்பி அனுப்பவும் முடியாது. சரி, அம்மாவின் பழைய சவுரி ஒன்று ட்ரங்குப் பெட்டியில் இருக்கிறது. உதிர்ந்த முடியைச் சேர்த்து வைத்துக் கட்டக் கொடுத்தது. எண்ணெய்ப் பிசுக்கு, பழுப்பேறிவிட்டது. அதற்குக் கலர் ஏறுமா?

பார்லர்_ராணி:
அடடா, அதை முதலிலேயே சொல்லக் கூடாதா! தாராளமாக ஏறும். ஷாம்பு போட்டு இரண்டு தடவை அலசுங்கள். கண்டிஷனர் வேண்டாம், எண்ணெயும் பூச்சும் இருந்தால் டை பிடிக்காது. முழுக்கக் காயட்டும்.

நிறம்தான் முக்கியம். பழைய முடி சாயத்தை அளவுக்கு மீறி உறிஞ்சும். நீங்கள் 1ஆம் எண் கருப்பு வாங்கினால் மை ஊற்றிய மாதிரி தனியாகத் தெரியும். 2 அல்லது 3, அதாவது அடர் பழுப்பு எடுங்கள். டையோடு கலக்கும் பெராக்சைடு க்ரீமை, அதாவது டெவலப்பரை, தனியாக வாங்கினால் 10 வால்யூம், அதாவது 3 சதவீதம் போதும். ப்ளீச் பக்கமே போக வேண்டாம். சவுரியின் உள்பக்கத்தில் ஒரு கொத்தில் மட்டும் போட்டுக் காயவைத்து, வெயிலில் உங்கள் பின்னல் நுனியோடு சேர்த்துப் பாருங்கள். பொருந்தினால் மீதியைப் போடலாம்.

அலுமினியத் தாளில் பரப்பி, மெல்லிய கொத்துகளாகப் பிரித்துப் பூசி, பெரிய பல் சீப்பால் வாருங்கள். நூல் கட்டிய மேல்முனையில் ஓர் அங்குலம் விட்டுவிடுங்கள். கட்டு நனைந்து ஊறினால் முடி உருவிக்கொண்டு வரும். பாக்கெட்டில் உள்ள நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம்.

கீரைக்கட்டு:
எதற்கு இந்த கெமிக்கல்? மருதாணி போட்டு, அப்புறம் அவுரி போட்டால் கருப்பாகுமே.

வேதியியல்_வாத்தியார்:
மனித முடியில் ஆகும். மருதாணி செம்பு நிறம் தரும், அதன் மேல் அவுரி ஏறினால் கருப்பு. சுத்தமான இலைப்பொடியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ‘கருப்பு மருதாணி’ என்று விற்கும் பாக்கெட்டுகள் பலவற்றில் க்ரீம் டையில் உள்ள அதே பிபிடி என்ற, அலர்ஜி தரக்கூடிய சாய ரசாயனம் இருக்கும். சில பொடிகளில் உலோக உப்பும் உண்டு. அதன் மேல் பெராக்சைடு டை போட்டால் முடி சூடேறிப் பொடிந்துபோகலாம். இரண்டில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள்.

சுமதி_மதுரை:
சவுரிக்குத்தானே போடுகிறோம், தலையில் படாதே. அலர்ஜி சோதனை தேவையா?

பார்லர்_ராணி:
பூசுவது உங்கள் கைதானே? கையுறை கட்டாயம். அலசியது பத்தாமல் மிச்சம் இருந்தால் வியர்வையோடு கழுத்தில் இறங்கும். காதின் பின்னால் துளி தடவி 48 மணி நேரம் பாருங்கள். முன்பு டையால் முகம் வீங்கியவர்கள் இந்தச் சவுரியை வைக்கவே கூடாது. கலக்கிய கிண்ணம், மீந்த டை எதுவும் குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது. வயிற்றுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

நிலா_ஈரோடு:
போட்டாச்சு அக்கா! தண்ணீர் தெளியும்வரை அலசி நிழலில் தொங்கவிட்டேன். காய்ந்தபின் ஈரமான வெள்ளைத் துணியால் உருவிப் பார்த்தேன், கறை இல்லை. வெயிலிலும் என் முடியோடு ஒத்துப்போகிறது. அந்தக் கிளிப் பட்டைகளை என்ன செய்வது?

பார்லர்_ராணி:
பின்னலுக்கு உள்ளே கனத்துக்கு வைத்து, மேலே சவுரியைச் சேர்த்துப் பின்னுங்கள். குஞ்சலமும் பூவும் வந்தபின் உள்ளே இருப்பதை யார் பார்க்கப் போகிறார்கள்? அந்தப் பட்டைகளில் ஸ்ட்ரெய்ட்னர் மட்டும் வைக்காதீர்கள், உருகி ஒட்டிக்கொள்ளும்.