பிள்ளைகளின் எடைக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைப் பாதியில் விட்டவர்களே, காரணம் சொல்வீர்களா?

மும்பைத் தமிழ்ச் சொந்தங்களுக்கு வணக்கம். மாட்டுங்கா பக்கம் ஒரு மருத்துவமனையில் குழந்தைகளுக்கான ஊட்டச்சத்து ஆலோசகராக இருக்கிறேன். எடை கூடிய பிள்ளைகளைப் பெற்றோர் ஆர்வமாகத்தான் அழைத்து வருகிறார்கள்; சில வாரங்களில் பலர் நின்றுவிடுகிறார்கள். தொலைபேசியில் கேட்டால், "பரீட்சை மேடம், முடிந்ததும் வருகிறோம்" என்கிறார்கள். பரீட்சை முடிந்து பள்ளியும் திறந்துவிடுகிறது, அவர்களைக் காணோம்.

முலுண்டிலிருந்து ரயில் நெரிசலில் பிள்ளையை இழுத்துக்கொண்டு வந்து, அரைநாள் சம்பளத்தையும் இழப்பது லேசான காரியமில்லை. வீட்டிலோ பாட்டி, "வளரும் பிள்ளையின் வாயைக் கட்டாதே" என்று இன்னொரு கரண்டி நெய் ஊற்றுவார். (பாட்டிகளிடம் வாதாடி ஜெயித்தவர்கள் இருந்தால் அந்த வித்தையையும் எழுதுங்கள்.) ஒரு பையன் எடை எந்திரத்தில் ஏறாமல், ஷூ கயிற்றை அவிழ்ப்பதும் கட்டுவதுமாகவே நின்றான். பின்னால் வரிசையில் அவன் வகுப்புத் தோழி. அதன்பிறகு அங்கே திரை போட்டோம்.

எடை குறையவில்லையே என்ற ஏமாற்றமும் உண்டு. ஆனால் வளரும் வயதில் உயரம் கூடி எடை அப்படியே நின்றாலே பல பிள்ளைகளுக்கு அது முன்னேற்றம்தான். அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பணிக்குழு 2024இல் பரிந்துரைத்தது, ஓராண்டுக்குள் குறைந்தது 26 மணி நேர ஆலோசனை. இந்த ஊரில் அத்தனை நேரம் யாரிடம் இருக்கிறது?

இத்தகைய திட்டத்திலிருந்து விலகியவர்கள் தனிச்செய்தியில் எழுதுங்கள். பிள்ளையின் பெயர் வேண்டாம். செலவா, தூரமா, நாங்கள் பேசிய விதமா? ஞாயிறு காலையிலோ வீடியோ அழைப்பிலோ வைத்தால் தொடர்வீர்களா?